ஆறு மணிக்கு மேல்

“உங்க உங்க வீட்டு செப்டிக் டேங்க்கை அள்ள லாரி கடைசியா எத்தனை மணிக்கு வந்துச்சு? ஒவ்வொருத்தரா சொல்லுங்க.”

கேட்டேவிட்டாள். எந்தக் காலத்திலும் எவரிடமும் கேட்கக் கூடாது என்று அப்பா சொல்லி வளர்த்த கேள்வி. “அள்ளுற வீட்டைப் பத்திப் பேசாதே, அள்ளின நேரத்தைப் பத்தியும் பேசாதே பாப்பா. நம்ம பொழப்பே வாயை மூடிக்கிறதுலதான் இருக்கு” என்பார். மற்ற வீடுகளில் பொய் சொல்லாதே, திருடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவளுக்கு இது.

நூலகத்து மாடியறையில் ஓடைப் பாதுகாப்புக் குழுவின் கூட்டம். மதியம் இரண்டு மணி. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினோரு பேர். சுவரில் பச்சை பேனர், ‘ஓடை வாழ்ந்தால் ஊர் வாழும்’ என்று. பேனரில் ஒரு கொக்கு. ஓடைப் பக்கம் கொக்கு எட்டிப் பார்த்து நான்கு வருடமாகிறது. படத்துக்கு நின்றது எந்த ஊர்க் கொக்கோ. நடு மேசையில் தட்டு நிறைய க்ரீம் பிஸ்கட். அதை நோக்கிப் போன ஒரு கை பாதி வழியில் நின்றுவிட்டது.

“சீச்சீ! பிஸ்கட் சாப்பிட்டுட்டு இருக்கோம்ல?” என்றாள் பூந்தொட்டி அக்கா. வாசல் படி முழுக்கத் தொட்டி வைத்து வளர்ப்பதால் அந்தப் பெயர். இப்போது அந்தத் தொட்டிகளின் மேலேயே எதையோ ஊற்றிவிட்டதைப் போல முகத்தைச் சுளித்தாள்.

“சாப்பிட்டா அள்ளித்தானே ஆகணும் அக்கா? அதைத்தான் கேக்குறேன்.”

“என்னம்மா பேச்சு இது?” என்றார் தலைவர். வேலையில் இருந்த காலத்தில் பாலம் கட்டும் இன்ஜினியர். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் ஊருக்கு அவர் பாலம் சார்தான். “நாம வந்தது எதுக்கு? புகார் மனுவுல கையெழுத்துப் போட. நாலு மணிக்குள்ள சுற்றுச்சூழல் ஆபீஸ்ல சேர்க்கணும். உன் ரிப்போர்ட்டை இணைச்சாத்தான் மனுவுக்கே உயிர். அதைக் கொடு முதல்ல.”

மனு மேசை மேல் கிடந்தது. இரண்டு பக்கம். ‘நம் தாய்க்கு நிகரான ஓடையில் மனிதக் கழிவைக் கொட்டும் சமூக விரோதியான லாரி ஓட்டுநரைக் கைது செய்து, அவரது உரிமத்தை நிரந்தரமாக ரத்து செய்யுமாறு’ என்று போயிற்று. லாரி முதலாளியைப் பற்றி ஒரு வரி இல்லை. முதலாளி போன வருடம் குழுவுக்குக் குப்பைக் கூடைகள் வாங்கிக் கொடுத்தவர். மனுவோடு ஒரு புகைப்படம் குத்தியிருந்தது. கல்வெட்டுப் பாலத்தடியில், மசங்கிய வெளிச்சத்தில், பின்பக்கத்தை ஓடைக்குக் காட்டி நிற்கும் லாரி. குழாயிலிருந்து கறுப்பாய் ஒன்று விழுந்துகொண்டிருந்தது. எண் பலகை தெளிவாக இருந்தது. எடுத்தவர் பல் டாக்டர்.

“போன புதன்கிழமை சாயங்காலம், ஏழு மணி இருக்கும். வாக்கிங் போனேன். ரத்தம் கொதிச்சிடுச்சு” என்று அந்தப் படத்தைக் குழுவின் வாட்ஸப்பில் அவர் போட்டபோது நாற்பது கைதட்டல்கள் விழுந்தன.

அவளும் அப்போதுதான் பார்த்தாள். எண்ணைப் பார்க்கவே தேவைப்படவில்லை. டேங்கின் பின்பக்கம் மஞ்சள் பெயின்டில் ‘தள்ளி வா’ என்று எழுதியிருந்தது. பத்தாம் வகுப்பு லீவில் அவளே எழுதியது. ‘ளி’யின் கொக்கி வழிந்து கோடாய் இறங்கியிருக்கும். அதைத் துடைக்கப் போன துணிதான் இன்னும் கெடுத்தது என்று அப்பா வருஷக் கணக்கில் சொல்லிச் சிரிப்பார்.

படத்தில் கோடு அப்படியே இருந்தது.

இந்தக் குழுவுக்கு அவள் இரண்டு வருடமாகத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி, வேதியியல். வேலை, தனியார் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில். பெயரைச் சொல்லி அழைக்க இவர்களுக்கு நாக்கு வளையாது, ‘லேப் பொண்ணு’. சனிக்கிழமை சனிக்கிழமை பாட்டிலோடு வந்து நிற்பாள். பாலம் சார் அவளை மேலே, மரப்பாலத்தில் நிற்க வைத்துப் படம் எடுப்பார். அங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த முடிவைத்தான் நூலகத்துப் பலகையில் ஒட்டுவார்கள். கீழே கல்வெட்டுப் பாலத்துக்கு அந்தப்புறம் எடுத்ததில் மலக்கிருமி எண்ண முடியாத அளவு. அதைப் பலகையில் ஒட்ட இடம் இருந்ததேயில்லை.

கல்வெட்டுப் பாலத்துக்குக் கீழேதான் பள்ளத் தெரு. குழாயில் மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர். மிச்ச நாளெல்லாம் ஓடைக்கரைக் கிணறு. மேட்டில் அள்ளுவது பள்ளத்தில் ஊறும். இதற்கு வேதியியல் படிக்கத் தேவையில்லை, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்தால் போதும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை போன மாதம் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. பெண் குழந்தை, பிறந்து எட்டு மாதம். திரும்பி வந்தபோது கழுத்து நிற்கவில்லை.

பள்ளத் தெருவில், அந்தக் குழந்தைக்கு அடுத்த வீடுதான் இவளுடையது.

நேற்று ஞாயிறு. மத்தியானம் அப்பா வந்து வழக்கம்போல் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினார். அப்புறமும் கரண்டியால்தான் சாப்பிடுவார். அந்த வீட்டில் சோற்றைக் கரண்டியால் தின்னும் ஒரே ஆள். சின்ன வயதில் அதை அவள் பெரிய மனுஷத்தனம் என்று நினைத்திருந்தாள்.

போனை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பார்த்தார். கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு போறேன்னுதானே சொன்னீங்க?”

“பகல்ல அள்ளினா நிலையத்துக்குத்தான் போறேன். இருபத்திரண்டு கிலோமீட்டர். நாலு மணிக்கு கேட்டைப் பூட்டிட்டு வாட்ச்மேன் போயிடுவான். உன் குழுக்காரங்க எல்லாரும் ஆறு மணிக்கு மேல வா, இருட்டுற நேரம் வான்னு சொல்றாங்க. வாசல்ல இந்த லாரி நிக்கிறதை எதிர்வீட்டுக்காரன் பாத்துடக் கூடாதாம். என்னமோ இவங்க மட்டும் பன்னீரு போற மாதிரி.” ஒரு வாய் சாப்பிட்டார். “நிறைஞ்ச லாரியை நான் என்ன பண்ணட்டும்? விடிய விடிய நம்ம வாசல்ல நிறுத்தி வைக்கவா? காலையில ஏழு மணிக்கு அடுத்த வீடு. காலி வண்டியோட நிக்கலைன்னா முதலாளி வேற டிரைவரைப் பாத்துக்குவாரு.”

“அந்தத் தண்ணிதாம்ப்பா நம்ம கிணத்துக்கு வருது.”

“தெரியும். அதான் உங்கம்மாவைக் கொதிக்க வைக்கச் சொல்றேன்ல.”

இவ்வளவு நாளும் இவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுப்பில் பானை கொதிக்கும்போதெல்லாம் அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரியிடம் ‘நீயும் கொதிக்க வை’ என்று ஒரு வார்த்தை சொன்னார்களா? சொன்னால் ஏன் என்று கேட்பாள். வாயை மூடிக்கொண்டு பிழைக்கிற வீடு. அந்த வாயில் விழுந்த சோற்றில்தான் இவள் பட்டம் வாங்கினாள். நினைத்தால் தன் சான்றிதழையே கையுறை போட்டுத்தான் தொட வேண்டும் போலிருந்தது.

“நாளைக்கு மனு கொடுக்கப் போறாங்கப்பா. என் ரிப்போர்ட்டைக் கேக்குறாங்க.”

“குடு. என்னை எழுது. ஓட்டினவன் நான், கொட்டினவன் நான். ஆனா அவங்க வீட்டையும் நேரத்தையும் இழுக்காதே. அவங்க கூப்பிடலைன்னா யாரு கூப்பிடுவா?”

“ஜெயிலுக்குப் போற ஆளு வாடிக்கையைப் பத்திக் கவலைப்படுறீங்களா?”

அம்மா அடுப்படியிலிருந்து, “போதும் விடுடி” என்றாள்.

அலமாரி மேல் அப்பாவின் டிரிப் புத்தகம் இருந்தது. எந்த வீடு, எத்தனை மணி, எங்கே கொட்டினது. நிலையத்தில் கொட்டினால் கேட்டில் தரும் சீட்டைக் கடைசிக் கட்டத்தில் ஒட்டுவார். சீட்டு இல்லாத நாளில் நீலப் பேனாவால் ஒரு புள்ளி. அவள் புத்தகத்தை எடுத்தாள். அப்பா பார்த்தார். எழுந்து வந்து பிடுங்குவார் என்று நினைத்தாள். அவர் கரண்டியால் தட்டை வழித்தார்.

“பக்கம் கிழியாமப் பாத்துக்கோ” என்றார்.

இப்போது அந்தப் புத்தகம் அவள் மடியில் இருந்தது.

“யாரும் சொல்ல மாட்டீங்களா? சரி, நான் சொல்றேன்.” பிரித்தாள். “ஆறு மாசத்துல நம்ம குழு வீடுகள்ல முப்பத்தொரு டிரிப். ஒன்பது பகல்ல. அதுக்கு நிலையத்துச் சீட்டு இருக்கு. இருபத்திரண்டு ஆறு மணிக்கு மேல. அதெல்லாம் ஓடையில. பாலம் சார், மார்கழி மாசம் ரெண்டு தடவை, ஆறே முக்கால், ஏழு. பூந்தொட்டி அக்கா, ஆறரை.”

“என் வீட்டுல விருந்தாளி இருந்தாங்க” என்றார் பாலம் சார்.

“ரெண்டு தடவையும் விருந்தாளியா சார்? அதனாலதான் நிறைஞ்சுதோ?”

பின்வரிசையில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

“எதிர்வீட்டுக்காரி மாடியில நின்னு எட்டி எட்டிப் பாப்பா” என்றாள் பூந்தொட்டி அக்கா. “அப்புறம் ஒரு வாரத்துக்கு என் வீட்டுப் பக்கம் மூக்கைப் பிடிச்சுக்கிட்டே நடப்பா. உனக்கென்ன தெரியும்? நாங்க மானத்தோட வாழறவங்கம்மா.”

“எதிர்வீட்டு அக்காவுக்கும் இதுல பக்கம் இருக்கு. ஆறே கால். அவங்க உங்களுக்குப் பயந்துக்கிட்டு.”

பல் டாக்டர் பொறுமையிழந்தார். “இதெல்லாம் எதுக்கு? நாங்க டிரைவருக்குக் காசு கொடுக்கிறோம், அவன் எடுத்துட்டுப் போறான். எங்க கொட்டுறான்னு பாக்குறது எங்க வேலையா? தப்புப் பண்ணினவன் அவன். போட்டோ எடுத்தவன் நான். கடைசியில நான் குத்தவாளியா?”

“டாக்டர், புதன்கிழமை நீங்க ஏன் வாக்கிங் போனீங்க?”

“ஏன்னா? வாக்கிங் போறதுக்கு ஒரு காரணம் வேணுமா?”

“தினமும் காலையிலதானே போவீங்க?”

அவள் பையைத் திறந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து, பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடி மெழுகு வைத்து இறுக்கியிருந்தது. உள்ளே சாம்பல் நிறக் கூழ். அதில் விரல் நுனி அளவுக்குப் பஞ்சுருளைகள், ஏழெட்டு. வளைந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்று, நோயாளி வாயில் எச்சிலை உறிஞ்சப் போடுவது.

“வியாழக்கிழமை காலையில கல்வெட்டுப் பாலத்தடியில எடுத்தேன். பல்லைப் பிடுங்கிட்டு வாயில வைக்கிற பஞ்சு. இந்த ஊர்ல பல் ஆஸ்பத்திரி ஒண்ணுதான்.” புத்தகத்தில் விரலை வைத்தாள். “புதன்கிழமை. ஆறு பத்து. பல் ஆஸ்பத்திரி வீடு. புள்ளி. உங்க வீட்டம்மா லாரியைக் கூப்பிட்டிருக்காங்க. வாடை தாங்காம நீங்க வாக்கிங் போயிட்டீங்க. போன இடத்துல உங்க வீட்டுதையே போட்டோ எடுத்து வாட்ஸப்ல போட்டிருக்கீங்க.”

திருடனுக்குத் தேள் கொட்டினது மாதிரி டாக்டர் வாயைத் திறந்து மூடினார். ஊர்ப் பல்லையெல்லாம் எண்ணிப் பார்த்த மனுஷன். தன் வாசலில் முக்கால் மணி நேரம் நின்ற லாரியை ஏறிட்டுப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க மாட்டார். ‘தள்ளி வா’ என்று எழுதியதை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள் இந்த ஊரில் வேறு யாருமில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

“அதை எடு, முதல்ல அதை எடு!” பூந்தொட்டி அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். மூடி இறுகியிருந்தது, ஒரு பொட்டு வாடை வரவில்லை.

“இந்தப் புத்தகம் உனக்கு எப்படிக் கிடைச்சுது?” பாலம் சார் குரலைத் தாழ்த்திக் கேட்டார். புத்திசாலி. ஜாடியைப் பார்க்கவேயில்லை, புத்தகத்தையே பார்த்தார்.

“அந்த டிரைவர் எங்கப்பா.”

அவர்கள் கத்துவார்கள், அதுதான் சங்கதியா என்பார்கள் என்று காத்திருந்தாள். அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தாள். அவர்கள் கத்தவில்லை. ஒவ்வொரு முகமாக இளகியது. எண்ணெய் காய்ந்து பரவுகிற மாதிரி ஒரு கனிவு.

“அடடா, நம்ம பொண்ணோட அப்பாவா?” என்றாள் பூந்தொட்டி அக்கா. முந்தானை மூக்கிலிருந்து இறங்கிவிட்டது. “முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? எவ்வளவு அமைதியான மனுஷன்! ஒரு நாள் தண்ணி கேட்டாரு, நானே ஊத்தினேன்.”

“கப்புலயா, கையிலயா?”

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை.

பாலம் சார் மனுவை எடுத்தார். புகைப்படத்தைக் குண்டூசியிலிருந்து கழற்றினார். ஊசி எங்காவது குத்திவிடப் போகிறதென்று பார்த்துப் பார்த்துக் கழற்றினார். பிறகு மனுவை நாலாகக் கிழித்தார்.

“ஆச்சு. ஒரு ஏழையோட வயித்துல அடிக்கிற குழு இல்லை இது. உங்கப்பாவுக்கு ஒண்ணும் வராது, நான் பொறுப்பு. இந்த மாசம் மரப்பாலத்துத் தண்ணி ரிப்போர்ட்டை மட்டும் ஒட்டுவோம். அது நல்லாத்தானே இருக்கு? கல்வெட்டுப் பாலத்தைப் பத்திப் பிறகு, நிதானமா யோசிப்போம். அந்தப் புத்தகத்தை வீட்டுல கொண்டு போய் வச்சிடும்மா. இல்லை, இங்கயே கொடுத்துட்டுப் போ, பத்திரமா இருக்கும்.”

கையை நீட்டினார். சுத்தமான கை, நகம் வெட்டிய கை.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. நேற்றிலிருந்து அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் இதுதான். அப்பாவை எப்படியாவது விட்டுவிடுவார்கள். இதோ விட்டாயிற்று. நாலு துண்டாய் மேசை மேல் கிடக்கிறது. புத்தகத்தை நீட்டினால் போதும். சாயங்காலம் அப்பாவிடம் போய்ச் சொல்லலாம், அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். அப்புறம் ஆறு மணிக்குக் கிளம்புவார். அம்மா பானையை அடுப்பில் ஏற்றுவாள். பக்கத்து வீட்டுக் குழந்தை கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்” என்றாள். “மனு வேண்டாம், போலீஸ் வேண்டாம், எதுவும் வேண்டாம். இனிமே லாரியைக் காலையில பத்து மணிக்குக் கூப்பிடுங்க. அவ்வளவுதான். பத்து மணிக்கு அள்ளினா பன்னெண்டு மணிக்கு நிலையத்துல இருக்கும். ஓடையில ஒரு சொட்டு விழாது. இதுக்குச் சம்மதம்னா இப்பவே கை தூக்குங்க. இந்தப் புத்தகத்தை உங்க முன்னாடியே கொடுத்துடறேன்.”

உண்மையாகவே கொடுத்திருப்பாள். அது அவளுக்கே பிறகுதான் உறைத்தது.

பதினோரு பேர். வருடம் இரண்டு முறை கையுறை போட்டுக்கொண்டு ஓடையில் இறங்கி பிளாஸ்டிக் பொறுக்குகிறவர்கள். முட்டி வரை சேற்றில் நின்று படத்துக்குச் சிரிப்பவர்கள். ஒரு கை எழவில்லை. பின்வரிசையில் ஒருவர் விரலை அசைத்தார், காதைச் சொறிந்துகொண்டார்.

“பட்டப்பகல்லயா?” என்றாள் பூந்தொட்டி அக்கா, நிஜமான பயத்தோடு. “என் வாசல்லயா?”

“கிளினிக் நேரம்மா அது” என்றார் டாக்டர். “பேஷன்ட்டெல்லாம் வந்து உக்காந்திருப்பாங்க.”

“படிப்படியாத்தான் மாத்தணும்” என்றார் பாலம் சார். “எடுத்தேன் கவிழ்த்தேன்னு எதையும் செய்யக் கூடாது. முதல்ல மக்கள்கிட்ட விழிப்புணர்வு…”

“எந்த மக்கள்கிட்ட சார்?”

அவர் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அவள் அந்தக் கையில் புத்தகத்தை வைக்கவில்லை. ஜாடியை எடுத்துப் பையில் போட்டாள். ரிப்போர்ட்டை எடுத்து, அவர்கள் பார்க்கவே, புத்தகத்துக்குள் செருகினாள்.

“நான் தனியா ஒரு மனு எழுதி வச்சிருக்கேன். முதல் பேரு லாரி முதலாளி. ரெண்டாவது எங்கப்பா. மூணாவதுலேர்ந்து உங்க வீடு, தேதி, மணி.”

“பெத்த அப்பனையா எழுதிக் கொடுப்ப?” அக்கா மார்பில் கை வைத்தாள். “பாவி! உன்னைப் படிக்க வச்சதுக்கு இதுதான் பலனா?”

“ஆமா.”

“நன்றி கெட்டது” என்றார் டாக்டர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“உன் லேப் முதலாளி எனக்கு நல்லாத் தெரிஞ்சவர்” என்றார் பாலம் சார். குரலில் கனிவு இன்னும் மிச்சமிருந்தது. அதுதான் சகிக்கவில்லை.

“அவர் வீடும் இதுல இருக்கு சார். ஏழு மணி.”

எழுந்தாள். அவள் ஜாடி இருந்த இடத்தை அதற்குள் யாரோ காகிதத்தால் துடைக்கத் தொடங்கியிருந்தார்கள், அழுத்தி, திரும்பத் திரும்ப. துடைத்த காகிதத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அது ஜன்னல் வழியாகப் போயிற்று. ஜன்னலுக்குக் கீழே ஓடுவது ஓடைக்குப் போகும் சாக்கடை.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் படியிறங்கினாள். மணி இரண்டே முக்கால். நாலு மணிக்கு ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள். மேட்டுத் தெரு வழியாகப் போனால் இருபது நிமிடம். புத்தகத்தைப் பைக்குள் வைக்காமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில், அவர்கள் எல்லார் வீட்டு வாசல் வழியாகவும் நடந்தாள்.